பாண்டிக்குப் போனேன்... ஒரு பெண்ணைத் தேடி!

'பாண்டிச்சேரிக்குப் போறேன்' என்று ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் கேட்கிறவர் முகத்தில் ஒரு மாதிரிப் புன்னகை வருமே, கவனித்திருக்கிறீர்களா? என் எதிர் ஃபிளாட்காரருக்கும் வந்தது. "நமக்கும் ஒண்ணு..." என்று கட்டை விரலை வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.

"நீங்க நினைக்கிற சமாசாரம் இல்லை சார். நான் ஒரு பெண்ணைத் தேடிப் போறேன்."

புன்னகை போய், முகத்தில் கவலை வந்து உட்கார்ந்தது. "வீட்ல தெரியுமா?"

"அவளும்தான் கூட வர்றா!"

மனிதர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் தேடிப் போன பெண் வேறு யாருமில்லை. யவன ராணி. சாண்டில்யனின் யவன ராணி! பூம்புகார்க் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்தவளைச் சோழர் படைத்தலைவன் இளஞ்செழியன் கண்டெடுக்க, அவனுக்கு ஏற்கெனவே பூவழகி என்று ஒருத்தி இருக்க... அதற்குமேல் நான் சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே குமுதத்தில் அதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டது.

எங்கள் வீட்டில் அந்தத் தொடரைக் கத்தரித்துச் சிவப்பு காலிகோ போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். வாரா வாரம் பத்திரிகையை வாங்கி வந்தது சித்தப்பா. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் பாதி அத்தியாயத்தை முடித்துவிடுவாராம். வாசல்படியிலேயே அண்ணி, அதாவது என் அம்மா, பிடுங்கிக்கொள்வாளாம். "அடுப்புல குழம்பு தீஞ்சு போச்சுன்னா அந்த வாரம் சாண்டில்யன் நல்லா எழுதியிருக்கார்னு அர்த்தம்" என்பார் அப்பா.

ஒரே ஓர் அத்தியாயம் மட்டும் அந்த பைண்டிங்கில் கிடையாது. பக்கத்து வீட்டு மாமி இரவல் வாங்கிப் போய், எதையோ பொட்டலம் கட்டிவிட்டாள். நான் ஒன்பதாம் கிளாஸில் அதைப் படித்தபோது, விட்டுப்போன கதையை அம்மா வரிக்கு வரி நடித்தே காட்டினாள். யவன ராணிக்காக அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி என்னதான் சொக்குப்பொடி இந்த மாதிரிக் கதைகளில்? 'கடல் புறா'வில் கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி. இங்கிலீஷில் எம்.எம்.கே என்ற அம்மையார் 1978-ல் எழுதிய 'தி ஃபார் பெவிலியன்ஸ்' நாவலில் ஒரு வெள்ளைக்கார ஆபீஸருக்கும் இந்திய இளவரசிக்கும் காதல். பாஷை வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. நடுவில் ஒரு கடல். கதை பழங்காலத்தில் நடக்க வேண்டும். உலகம் பூரா இதே ஃபார்முலாதான்.

முன்பெல்லாம் இளஞ்செழியனின் மீசைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அப்படித் தெரியவில்லை. அம்மாவைப் பெண் பார்க்க அப்பா வந்தபோது, அவள் பார்த்தது அவருடைய செருப்பை மட்டும்தானாம். அப்படிக் கல்யாணம் ஆனவள் கையில் கிடைக்கிறாள் ஒரு ராணி. கடல் தாண்டி வருகிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள். உத்தரவு போடுகிறாள். யாரைப் பிடிக்கிறது என்று தானே முடிவு பண்ணுகிறாள். அம்மா இளஞ்செழியன் மேல் ஆசைப்படவில்லை ஸார். தினம் அரை மணி நேரம் அந்த ராணியாகவே இருந்துவிட்டு, பிறகு எழுந்து போய் அரிசி களைந்திருக்கிறாள்!

சரி, பாண்டிக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஆட்டோ பிடித்தோம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1954-லேயே நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், ஆட்டோக் கட்டணம் மட்டும் இன்னும் பிராங்க் கணக்கிலேயே ஓடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"அரிக்கமேடா? அங்க என்னா சார் இருக்கு? எல்லாரும் பீச்சு, ஆசிரமம்தான் கேப்பாங்க" என்றார் டிரைவர்.

"இவர் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி இருக்கா" என்றாள் என் மனைவி.

ஊருக்குத் தெற்கே ஏறக்குறைய 4 கிலோமீட்டர். கடலூர் சாலையில் போய் காக்காயன்தோப்புப் பக்கம் திரும்ப வேண்டும். மாமரம், தென்னை, பக்கத்தில் அரியாங்குப்பம் ஆறு. நடுவில் இடிந்த செங்கல் சுவர் ஒன்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுவரில் கையை வைத்தேன். இரண்டாயிரம் வருஷம்! யவனர் கை பட்ட செங்கல்! 'ராணீ...' என்று உள்ளுக்குள் ஒரு குரல்.

"அது பாதிரிமார் கட்டுன பங்களாங்க" என்றது வெளியே ஒரு குரல். ஆடு மேய்க்கும் பெரியவர்.

விசாரித்தால் உண்மைதான். தரைக்கு மேலே நிற்கிற அந்தச் சுவர், 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். யவனர் சமாசாரமெல்லாம் மண்ணுக்கு அடியில். நான் தழுவிக்கொண்டு நின்றது ரோமாபுரியை அல்ல, பாதிரியார் வீட்டை. என் மனைவி சிரித்த சிரிப்பில் ஆடுகள் இரண்டு விலகி ஓடின.

1930-களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர்தான் இந்த மேட்டின் மணிகளையும் ஓடுகளையும் பார்த்து, இது ரோமானியரோடு வாணிபம் நடந்த இடம் என்று சொன்னவர். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்பு மண்பாண்டங்களும், கூரிய அடியுள்ள இரட்டைக் கைப்பிடி ஜாடிகளும் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்துக் கீறிய நம்ம ஊர்ப் பானை ஓடுகளும் கிடைத்தன. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். கிரேக்க மாலுமியின் பழைய கடற்பயணக் கையேடு ஒன்று 'பொதுகே' என்று சொல்லும் துறைமுகம் இதுதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

எடுத்தவற்றில் சிலவற்றைப் பாரதி பூங்கா பக்கம் செயின்ட் லூயி வீதி மியூஸியத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்து அங்கே போனோம். உடைந்த ஜாடித் துண்டுகள். இந்த ஜாடிகளில் என்ன வந்தது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஒயின் வந்திருக்கிறது, ஆலிவ் எண்ணெய் வந்திருக்கிறது, 'காரம்' வந்திருக்கிறது. நம்ம மிளகாய்க் காரம் இல்லை. மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய ஒரு சாறு. ரோமானியருக்கு அது இல்லாமல் சாப்பாடு இறங்காது.

"இங்க கடல் பூரா மீன். அதை விட்டுட்டுக் கப்பலேத்தி மீன் சாறு கொண்டு வந்தானாக்கும்!" என்றேன்.

"நம்ம பையனுக்கு நாம துபாய்க்கு எலுமிச்சங்கா ஊறுகா அனுப்பலையா? அங்க எலுமிச்சம்பழமே கிடைக்காதா என்ன?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாயிரம் வருஷ வரலாற்றை ஊறுகாய் ஜாடிக்குள் அடைத்துவிட்டாள் பாருங்கள்! சங்கப் பாடல்களில் யவனர் வருகிறார்கள். பொன்னைக் கொடுத்து மிளகு வாங்குகிறார்கள், அரசன் பாசறையில் காவல் நிற்கிறார்கள். ராணியைக் கப்பலேற்றி அழைத்து வந்தது மட்டும் சாண்டில்யன்தான். மியூஸியத்தில் அவள் இல்லை. கவர்னர் டூப்ளே படுத்ததாகச் சொல்லும் ஒரு கட்டில்தான் இருந்தது.

அந்தக் கட்டிலைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. அடடா, கற்பனை ராணியைத் தேடி வந்தவன் நிஜ ராணியை மறந்துவிட்டேனே!

ழான் அம்மாள். 1706-ல் இந்தப் பாண்டிச்சேரியில் பிறந்தவள். அப்பா பிரெஞ்சுக்கார டாக்டர். அம்மா இந்திய-போர்த்துக்கீசிய வம்சம். 13 வயதில் ஒரு பிரெஞ்சு வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். குழந்தை குட்டிகளோடு விதவையானாள். 1741-ல் சந்திரநாகூரில் டூப்ளே அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே அவர் பாண்டிச்சேரி கவர்னர்! கணவருக்குத் தெரியாத தமிழ் அம்மாளுக்குத் தெரியும். நவாபுகளோடு கடிதப் போக்குவரத்தே நடத்தினாள். 'ழான் பேகம்' என்று பெயர்.

கதை எழுதுகிறவனுக்கு அல்வா மாதிரி விஷயம், இல்லையா? எட்டு வருஷம் தொடர் ஓட்டலாம். ஆனால் ஒரு சிக்கல். அதே ஊரில், அதே காலத்தில், ஒருவர் தினமும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார். டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 தொடங்கி 1761-ல் அவர் இறக்கும்வரை எழுதிய நாட்குறிப்பு. இங்கிலீஷில் மொழிபெயர்த்தபோது 12 வால்யூம் வந்தது! அதில் நம் கதாநாயகியின் மேல் பிள்ளைக்குத் துளிகூடப் பிரியம் இல்லை. அவளுடைய அதிகாரம், பண ஆசை, மத வெறி என்று பக்கத்துக்குப் பக்கம் பொருமுகிறார். மிஷன் வீதியில் சம்பா கோயில் என்று ஊர் சொல்கிற மாதா கோயிலை ஒட்டித்தான் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது அது இடிக்கப்பட்டதற்கு இந்த அம்மாளே முக்கிய காரணம் என்பது பிள்ளையின் கணக்கு. இப்போது நாம் கும்பிடுவது பின்னால் வேறிடத்தில் கட்டிய கோயில்.

இந்த நாட்குறிப்பிலிருந்து நாவல் எழுதப் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர்தான் வர வேண்டியிருந்தது. பிரபஞ்சன். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்'. இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாடமி விருது. சாண்டில்யனில் ஊறிய நான் அவற்றைக் கையில் எடுத்தபோது கொஞ்சம் திணறித்தான் போனேன். நிலவொளியில் வர்ணனை எங்கே? இதில் வெள்ளைக்காரக் கவர்னரும் நம்ம ஊர் ஜனங்களும் ஒரே தெருவில் வியர்த்து, லஞ்சம் வாங்கி, பயந்து, சாதி பேசி வாழ்கிறார்கள். ஒருவன் வேறு நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் கதை அதோடு முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று அந்தப் பக்கங்கள் எனக்குக் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தன.

டூப்ளே 1754-ல் பிரான்ஸுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த ழான் 1756-ல் பாரீஸில் கண்ணை மூடினாள். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் டூப்ளேவுக்குச் சிலை நிற்கிறது. பக்கத்தில் அம்மாள் இல்லை.

மதியப் பசி. வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த வாய்க்காலைத் தாண்டி வந்தோம். செஞ்சி சாலை இந்தப் பக்கம், ஆம்பூர் சாலை அந்தப் பக்கம். அந்தக் காலத்தில் இது இரண்டு உலகத்துக்கு நடுவே எல்லை. நான் எண்ணிப் பார்த்தேன், தாண்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தமிழர் பகுதியில் சில பழைய வீடுகள் கீழே திண்ணையும் மரத்தூணுமாக நம்ம ஊர் ஜாடை, மாடியில் வளைவு ஜன்னலுமாக பிரெஞ்சு ஜாடை. வீடுகள் எப்போதோ கலப்புக் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டன!

ஒரு சந்தில், வீட்டு முன்னறையிலேயே நாலு மேஜை போட்ட சாப்பாட்டுக் கடை. பலகையில் 'நேம்' என்று எழுதியிருந்தது. மெல்லிய அரிசி அப்பளத்தில் பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற வியட்நாம் பலகாரம். நாங்கள் சைவம் என்றதும், "காய்கறி வெச்சுத் தரேன், உட்காருங்க" என்றார் கடைக்கார அம்மா. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சின்னக் கண்கள், நெற்றியில் வட்டமாகக் குங்குமம், வாயில் சுத்தமான பாண்டித் தமிழ்.

"எங்கப்பா இந்த ஊருதாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா. சைகோன்ல இருக்கும்போது எங்கம்மாவப் பாத்துக் கட்டிக்கிட்டாரு. அம்பத்தஞ்சுல கப்பலேறி வந்து எறங்குனாங்க" என்றார்.

அப்படி வந்தவர்கள் இந்த ஊரில் கொஞ்ச நஞ்சம் இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் பட்டாளத்துக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் இந்தோசீனா போன பாண்டி, காரைக்கால்காரர்கள் பலர் அங்கேயே குடும்பம் கண்டார்கள். 1954-ல் அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது பெண்டாட்டி பிள்ளைகளோடு திரும்பியவர்கள் உண்டு. சாண்டில்யன் எழுதாத யவன ராணிகள்!

"ஊர்ல ஏத்துக்கிட்டாங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

அம்மா சிரித்தார். "எங்க ஆயா ஒரு வருசம் எங்கம்மாவ அடுப்பங்கரைக்குள்ள விடலீங்க. எங்கம்மாவுக்குத் தமிழ் வராது, ஆயாவுக்கு அந்தப் பாஷை வராது. எங்கம்மா மீன் சாறு ஒரு புட்டி கொண்டாந்திருந்தாங்க. நுவக்மாம்னு சொல்லுவாங்க. அந்த வாசனைக்குத்தான் ஆயா மூக்கப் பொத்திக்கிட்டு சண்டை போடும். ஒரு நாள் ஆயா கருவாடு சுட்டுச்சாம். எங்கம்மா மெதுவா போயி, கருவாட்ட மோந்து பாத்துட்டு, தன் புட்டியத் தொறந்து ஆயா மூக்குகிட்ட காட்டுனாங்களாம். ரெண்டும் ஒரே நாத்தம்தான்! ஆயா விழுந்து விழுந்து சிரிச்சுதாம். அன்னிக்கிதான் உள்ள கூப்பிட்டுச்சு."

நேம் வாயில் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஏனென்றால், எங்கள் வீட்டு வாசலில் ஒருத்தி நின்றாள். உள்ளே கூப்பிடத்தான் ஆள் இல்லை.

'யவன ராணி' வாங்கி வந்த சித்தப்பா கல்கத்தாவுக்கு வேலைக்குப் போனார். 1971-ல் கூட வேலை பார்த்த பெங்காலிப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதினார். அப்பா வாயைத் திறக்கவில்லை. திறந்தது அம்மா. "மீன் திங்கிறவ இந்த அடுப்படிக்குள்ள கால் வச்சா நான் கெணத்துல விழுவேன்." யவன ராணிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே அம்மா! சித்தப்பா ஒரு தடவை சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, அதே வண்டியில் திரும்பினார்கள். தாத்தா காரியத்துக்கு அவர் மட்டும் வந்தார். அப்புறம் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை, பிறகு போன். அவ்வளவுதான்.

இப்போது யோசிக்கிறேன். இரண்டாயிரம் வருஷம் தள்ளி ஒருத்தி நின்றால் அவளுக்காக அழுவது சுலபம். அவள் நம் அடுப்படிக்குள் வந்து எந்தப் பாத்திரத்தையும் தொடப்போவதில்லை. கதையை எழுதுகிறவர் கடலைத் தாண்டி ராணியைக் கொண்டுவந்து விட்டுவிடுவார். வாசல்படி தாண்ட வைப்பது அவர் கையில் இல்லை, அண்ணிமார் கையில் இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கண்ணீர் பொய்யா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எண்பத்தாறு வயசு. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் இரும்பு.

"அம்மா, அந்த யவன ராணி பைண்டிங் எங்கம்மா இருக்கு?"

"பரண்ல. மேக்கால மூலைல. எதுக்குடா?"

சாப்பாட்டுக் கடை அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆயா, கருவாடு, புட்டி. நடுவில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அது நான் வாங்கினது இல்லடா. அவன் காசு போட்டு வாங்கினது. அவனுக்கே அனுப்பிச்சுடு" என்றாள் அம்மா.

"சரிம்மா."

மறுபடி கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாடா?"

அம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சித்தியைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி.

"தெரியாதும்மா. சித்தப்பா படிச்சுச் சொல்வார்."

"அப்ப நீ இங்க வர்றப்ப ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு வா. அந்த விட்டுப்போன அத்தியாயத்தை நான் சொல்றேன், எழுதி உள்ளே வையி. அது இல்லேன்னா பாவம், அவளுக்குக் கதை புரியாது."